கால் மணி நேரத்து மைல்: ஸ்டிர்லிங் பள்ளி ஒன்றின் ஓட்டமும் அதன் கணக்கும்

2012 பிப்ரவரி. ஸ்காட்லாந்தின் நடுவில் இருக்கும் ஸ்டிர்லிங் ஊரில் செயின்ட் நினியன்ஸ் தொடக்கப் பள்ளி. அங்கே தன்னார்வலராக வந்துபோய்க்கொண்டிருந்த வயதான ஒருவர், இந்தப் பிள்ளைகளுக்கு உடம்பில் தெம்பே இல்லையே என்று தலைமையாசிரியை எலேன் வைலியிடம் சொன்னார். பெரியவர்கள் எந்த ஊரிலும், எந்தக் காலத்திலும் சொல்கிற வசனம்தான். "எங்க காலத்துல நாலு மைல் நடந்து பள்ளிக்கூடம் போனோம்" என்று நம் தாத்தாக்கள் ஆரம்பித்தால் நாம் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். வைலி அப்படி விட்டுவிடவில்லை. உடற்கல்வி ஆசிரியரைக் கூப்பிட்டு, இது உண்மையா என்று கேட்டார். உண்மைதான், ஆரம்பத்தில் உடம்பைச் சூடேற்றச் செய்யும் பயிற்சியிலேயே பெரும்பாலான பிள்ளைகள் களைத்துவிடுகிறார்கள் என்று பதில் வந்தது.

அடுத்து அவர் எந்தக் கமிட்டியும் போடவில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் இருந்த ஒரு வகுப்பை வெளியே அழைத்துப்போய், பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். ஒரு சுற்று முடிவதற்குள் பெரும்பாலானவர்கள் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். பிள்ளைகளுக்கே அது அதிர்ச்சி. நோயாளிப் பிள்ளைகள் என்று யாரும் இல்லை. சாதாரண வகுப்பு, சாதாரண பிள்ளைகள். அதே வகுப்பை ஒரு மாதம் தினமும் வெளியே விட்டுப் பார்ப்பது என்று முடிவானது. நான்கு வாரத்தில் அந்த வகுப்பு கால் மணி நேரத்தில் ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர், போகும் அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்து வகுப்புகள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் மழலையர் பிரிவு வரை பள்ளி முழுவதும் தினமும் வெளியே வர ஆரம்பித்தது. இன்று உலகம் முழுவதும் 'தி டெய்லி மைல்' என்று சொல்லப்படும் திட்டம் பிறந்தது இப்படித்தான்.

இதில் என்ன பெரிய விஷயம், பிள்ளைகளை ஓடச் சொன்னார்கள், ஓடினார்கள் என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு இந்தத் திட்டத்தில் என்னென்ன *இல்லை* என்று பார்க்க ஆரம்பித்தபோதுதான் அதன் சூட்சுமம் பிடிபட்டது.

கழித்துக் கழித்துக் கட்டியது

உடை மாற்றுவது கிடையாது. சீருடையோடு, காலில் கிடக்கும் அதே ஷூவோடு ஓடுகிறார்கள். கருவிகள் கிடையாது, பந்து, கூம்பு, விசில் எதுவும் வேண்டாம். உடற்கல்வி ஆசிரியர் வேண்டியதில்லை, வகுப்பு ஆசிரியரே போதும். ஓட்டத்துக்கு முன்னே தனிப் பயிற்சியும் இல்லை. எத்தனை மணிக்கு என்றும் இல்லை: காலை பத்து மணிக்குக் கணக்குப் பாடத்தில் வகுப்பு தூங்கி வழிந்தால், அந்த நிமிடமே வெளியே போகலாம். போட்டி இல்லை, முதலிடம் இல்லை, நேரம் குறிப்பதில்லை. மைல் என்று பெயரில் இருக்கிறதே தவிர அதை யாரும் அளப்பதுகூட இல்லை. கால் மணி நேரம்தான் கணக்கு. சிலர் ஒரு மைலைத் தாண்டிப் போவார்கள், சிலர் முக்கால் மைலில் நிற்பார்கள்.

ஆசிரியர் சொன்னதும் பென்சிலை வைத்துவிட்டு எழுகிறார்கள். குளிர் கோட்டைச் சிலர் மாட்டுகிறார்கள், சிலர் மாட்டுவதில்லை. முதல் சுற்றுக்குப் பிறகு மாட்டியவர்களும் கழற்றி வேலியில் போட்டுவிடுவார்கள். ஆஸ்துமா இருக்கும் பிள்ளை இன்ஹேலரைக் கையோடு எடுத்துக்கொள்கிறது. இரண்டு பேர், மூன்று பேராகப் பேசிக்கொண்டே ஓடுகிறார்கள், மூச்சு வாங்கினால் நடக்கிறார்கள், மறுபடி ஓடுகிறார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையும் அதே பாதையில் வரும். நேரம் முடிந்ததும் உள்ளே. கன்னம் சிவந்து, தலை கலைந்து, அதே பாடத்தின் அடுத்த வரி.

ஒரு மைலைக் கால் மணி நேரத்தில் கடப்பது என்றால் மணிக்கு 6.4 கிலோமீட்டர். இது தடகள வேகமே அல்ல. பெரியவர் ஒருவர் பஸ்ஸைப் பிடிக்க விறுவிறுவென்று நடப்பதற்கும் மெதுவாக ஓடுவதற்கும் இடைப்பட்ட வேகம். ஓட்டமும் நடையுமாகப் போகிற பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற வேகம். எப்போதும் கடைசியில் வருகிற பிள்ளை இந்த மைதானத்தில் கடைசி என்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் எல்லோரும் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள், யார் எத்தனையாவது சுற்று என்று யாரும் எண்ணுவதில்லை. விளையாட்டு வகுப்பை வெறுத்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

சரி, உடற்கல்வி வகுப்பு இருக்கும்போது இது எதற்கு? ஸ்காட்லாந்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு வாரம் 2 மணி நேரம் உடற்கல்வி என்பது கொள்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 2 மணி நேரத்தில் உடை மாற்றும் நேரம், கருவி எடுத்துவைக்கும் நேரம், ஆசிரியர் விளக்கும் நேரம், வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருக்கும் நேரம் எல்லாம் போக, உடம்பு அசையும் நேரம் எவ்வளவு மிஞ்சும்? மேலும் அது வாரத்தில் இரண்டு நாளுக்கு வரும். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையிலானவர்களுக்குச் சொல்வது, தினமும் சராசரியாக 60 நிமிடம், ஓரளவு மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் இயக்கம். 2016-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து அந்த நிறுவனம் செய்த உலகளாவிய கணக்கில், 11 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை.

நம் பள்ளிக்கூடங்களில் வேறு ஒரு பிரச்சினை. நான் படித்த பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பி.டி. மதியத்திலிருந்தே கால் தரையில் நிற்காது. மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கணக்கு சார் வாசலில் பி.டி. சாரோடு பேசிக்கொண்டிருப்பது தெரியும். "இந்த ஒரு பீரியட் மட்டும் குடுங்க சார், போர்ஷன் முடியல." அவ்வளவுதான், சாக்பீஸோடு உள்ளே வந்துவிடுவார். வாங்கிய கடனை ஒரு தடவைகூடத் திருப்பித் தந்ததாக நினைவில்லை. இது ஏதோ ஒரு பள்ளியின் கதை இல்லை என்பதற்கு ஒரு சாட்சி: 2023-இல் அப்போதைய விளையாட்டுத் துறை அமைச்சர் உதயநிதி ஸ்டாலின் பொதுமேடையிலேயே, கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் விளையாட்டுப் பீரியடைக் கடன் வாங்க வேண்டாம், முடிந்தால் தங்கள் பீரியடைக் கடன் கொடுக்கட்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஸ்டிர்லிங் திட்டத்தைக் கடன் வாங்க முடியாது. கணக்கு எடுக்கும் ஆசிரியரேதான் ஓட்டத்துக்கும் அழைத்துப்போகிறவர். அவர் பையிலிருந்து எடுத்து அவர் பையிலேயே போடுகிற காசு அது. ஆனால் அதே காரணத்தால், அவர் நினைத்தால் ஓட்டத்தை ஓசையில்லாமல் விட்டுவிடவும் முடியும். அந்தச் சிக்கலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பரவிய வேகம்

2015-இல் பத்திரிகைகள் இந்தப் பள்ளியைக் கண்டுபிடித்தன. தினமும் ஒரு மைல் ஓடும் பள்ளி, அங்கே பருமனான பிள்ளை ஒன்றுகூட இல்லையாம் என்று செய்தி பறந்தது. அதே ஆண்டு வைலிக்கு 'பிரைட் ஆஃப் பிரிட்டன்' விருது. 2016-இல் ஐனியோஸ் என்ற ரசாயன நிறுவனத்தின் பணத்தில் டெய்லி மைல் அறக்கட்டளை உருவானது. (ஸ்டிர்லிங்கிலிருந்து அதிக தூரமில்லாத கிரேஞ்ச்மவுத்தில் இருந்த பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பின்னால் இருந்ததும் இந்த நிறுவனம்தான். புகைபோக்கி வைத்திருப்பவர்கள் பிள்ளைகளின் மூச்சுக்குப் பணம் கொடுப்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, இங்கே வேண்டாம்.) 2017-இல் ஸ்காட்லாந்து அரசு, உலகின் முதல் 'டெய்லி மைல் நாடு' ஆகப் போகிறோம் என்றது. இங்கிலாந்தின் குழந்தைப் பருமன் தடுப்புத் திட்டம், தினசரி 60 நிமிடத்தில் 30 நிமிடமாவது பள்ளிக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்று 2016-இல் சொன்னது. அதன் இரண்டாம் பகுதி 2018-இல் எல்லாத் தொடக்கப் பள்ளிகளும் இப்படி ஒரு 'சுறுசுறுப்பு மைலை' எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டது. இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகள் பதிவு செய்திருப்பதாக அறக்கட்டளையின் கணக்கு.

கவனியுங்கள்: இவ்வளவும் நடந்தபோது முறையான ஆய்வு என்று கையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. முதல் குறிப்பிடத்தக்க ஆய்வு வந்ததே 2018 மே மாதத்தில்.

அளந்து பார்த்தபோது

அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தினர் முக்கியமானவர்கள். ஸ்டிர்லிங் வட்டாரத்தில் இரண்டு பள்ளிகள். ஒன்று டெய்லி மைலைத் தொடங்கவிருந்தது, இன்னொன்று தொடங்கவில்லை. 4 முதல் 12 வயது வரை 391 பிள்ளைகள். பள்ளி ஆண்டின் ஆரம்பத்தில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை அளந்தார்கள். நாள் முழுக்க எவ்வளவு அசைகிறார்கள் என்று பதியும் கருவியை உடம்பில் மாட்டிவிட்டார்கள். 20 மீட்டர் தூரத்தை 'பீப்' ஒலிக்கு ஈடுகொடுத்து முன்னும் பின்னும் ஓடவிட்டார்கள். தோல் மடிப்பைக் கிடுக்கியால் கவ்வி, அடியில் உள்ள கொழுப்பை மதிப்பிட்டார்கள். மற்றப் பள்ளியோடு ஒப்பிட்டபோது டெய்லி மைல் பள்ளியில் மூச்சு வாங்கும் இயக்கம் நாளுக்கு 9.1 நிமிடம் கூடியிருந்தது. உட்கார்ந்தே இருக்கும் நேரம் 18.2 நிமிடம் குறைந்திருந்தது. பீப் ஓட்டத்தில் 39.1 மீட்டர் கூடுதல். தோல் மடிப்புகளின் மொத்தத்தில் 1.4 மில்லிமீட்டர் குறைவு.

15 நிமிடம் ஓடினால் 9 நிமிடம்தான் கூடுகிறதா என்று கேட்கலாம். நடந்த நிமிடங்கள், ஷூ லேஸ் கட்டிய நிமிடங்கள், ஓட்டமே நடக்காத நாட்கள் எல்லாம் அந்தச் சராசரிக்குள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் 9 நிமிடம் நல்ல எண். அதைவிட இரண்டாவது எண்ணைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். கால் மணி நேரம் வெளியே போன பிள்ளைகள், அந்தக் கால் மணியைவிடச் சற்று அதிகமாகவே உட்காருவதைக் குறைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் "இன்னைக்குத்தான் ஓடியாச்சே" என்று சோபாவில் சாய்ந்துவிடவில்லை.

ஆனாலும் இரண்டே பள்ளிகள். எது ஓடும், எது ஓடாது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யவும் இல்லை. ஓடிய பள்ளிக்கு வேறு ஏதாவது அனுகூலம் இருந்திருக்கலாம் என்று சொல்பவர் வாயை இந்த ஆய்வால் அடைக்க முடியாது.

அந்த வாயை அடைக்கப் பார்த்தது பர்மிங்காமில் நடந்த ஆய்வு. 40 தொடக்கப் பள்ளிகள், 2,280 பிள்ளைகள். எந்தப் பள்ளி டெய்லி மைல் செய்யும், எது வழக்கம்போல் இருக்கும் என்பது குலுக்கலில் முடிவானது. ஓராண்டு கழித்து பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண்ணைப் பார்த்தார்கள். 2020-இல் வெளியான முடிவு: இரு தரப்புக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

பருமனான பிள்ளை ஒன்றுகூட இல்லாத பள்ளி என்ற பத்திரிகைத் தலைப்பை இப்போது நினைத்துப் பாருங்கள்.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. 30 கிலோ எடையுள்ள பிள்ளை ஒரு மைல் ஓடினால் செலவாவது ஏறக்குறைய 50 கலோரி. இரண்டு மேரி பிஸ்கட். பள்ளி விட்டதும் வாசலில் நிற்கும் ஐஸ் வண்டி அந்தக் கணக்கை ஒரு நிமிடத்தில் நேர் செய்துவிடும். பிள்ளைகளின் எடையைத் தீர்மானிப்பது தட்டும் வீடும் கடைத்தெருவும் தூக்கமும். கால் மணி நேர ஓட்டத்தின் தலையில் அதையெல்லாம் ஏற்றியது திட்டத்தின் குற்றமில்லை, விற்றவர்களின் குற்றம். பருமனுக்கு மருந்து என்று கொண்டுபோய் நிறுத்தியதால், பி.எம்.ஐ. அசையவில்லை என்றதும் திட்டமே தோற்றுவிட்டதைப் போல ஒரு பேச்சு கிளம்பியது. ஓடத் தெரியாமல் இருந்த பிள்ளை ஓடுகிறது. அதற்குத்தான் வைலி அந்தப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனார்.

பர்மிங்காம் முடிவுக்குள் ஒரு சின்ன விஷயம் ஒளிந்திருந்தது. பெண் பிள்ளைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் பி.எம்.ஐ.யில் குறைவு தெரிந்தது. ஏன்? ஆய்வு அதைத் தீர்த்துச் சொல்லவில்லை. என் ஊகம் இது: இடைவேளை மைதானத்தை ஒரு கணம் மனதில் கொண்டுவாருங்கள். நடுவில் பந்து, பந்தைச் சுற்றிப் பையன்கள், ஓரத்துச் சுவரோடு பெண் பிள்ளைகள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். டெய்லி மைல் அந்தப் பேச்சை அப்படியே எடுத்து ஓட்டப் பாதையில் போட்டுவிடுகிறது. பந்தும் இல்லை, குழு பிரிப்பதும் இல்லை. "உன்னை எங்க டீம்ல எடுக்க மாட்டோம்" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. பையன்களுக்கு ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்த ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு அன்றுதான் புதிதாகக் கிடைத்திருக்க வேண்டும். அதே ஆய்வு செலவுக் கணக்கும் பார்த்தது: போட்ட பணத்துக்குத் தகுந்த பலன் கிடைக்க 76 சதவீதம் வாய்ப்பு என்றது. போட்ட பணமே சொற்பம் என்பதால் வந்த எண் அது.

இன்னொரு ஆய்வு எனக்குப் பிடித்தமானது. ஸ்டிர்லிங், எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் பி.பி.சி.யோடு சேர்ந்து பிரிட்டன் முழுக்க ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்தது. மூன்று விதமான இடைவேளை: ஒன்றில் வெளியே போய்ச் சும்மா உட்காரலாம், நிற்கலாம். ஒன்றில் முடியாமல் விழும்வரை பீப் ஓட்டம். ஒன்றில் அவரவர் வேகத்தில் கால் மணி நேரம் ஓட்டமும் நடையும். திரும்பி வந்ததும் மனநிலை எப்படி, விழிப்பு எப்படி என்று கேட்டு, கவனத்தைச் சோதிக்கும் கணினிப் பயிற்சிகளையும் கொடுத்தார்கள். தன் வேகத்தில் ஓடியவர்கள்தான் மேலே வந்தார்கள். சக்கையாகப் பிழிந்தெடுத்த ஓட்டம் அந்தப் பலனைத் தரவில்லை. "மைதானத்தை நாலு ரவுண்டு ஓடு" என்று தண்டனையாகவே ஓட்டத்தை அறிந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இதைப் படித்தபோது கொஞ்சம் கசந்தது.

எங்கே நின்றுபோகிறது

ஸ்காட்லாந்தில் வாரம் 25 மணி நேரம், ஆண்டுக்கு 190 நாள் பள்ளி. தினமும் 15 நிமிடம் என்றால் வாரம் ஒன்றேகால் மணி, அதாவது பாட நேரத்தில் 5 சதவீதம். ஆண்டுக்கு 47 மணி நேரத்துக்கு மேல். ஒரு தலைமையாசிரியரின் மேஜையில் இது சின்ன எண் இல்லை. இந்தத் திட்டத்தை நடத்தும் ஆசிரியர்களிடம் பேசிய ஆய்வுகளில் நேரமின்மைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்தது தரை. புல்வெளி மட்டும் இருக்கும் பள்ளியில் ஸ்காட்லாந்து மழைக்குப் பிறகு ஓட்டம் என்றால் சேறு. சேற்று ஷூவோடு 25 பேர் வகுப்புக்குள் வந்தால் அடுத்த நாள் ஆசிரியருக்கே வெளியே போக மனம் வராது. கெட்டியான சுற்றுப்பாதை இருக்கும் பள்ளியில் திட்டம் நிலைக்கிறது. செலவே இல்லாத திட்டம் என்று சொல்லிக்கொள்ளும் இதற்கு உண்மையில் தேவைப்படும் ஒரே செலவு அந்தப் பாதைதான். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மூன்றாவது, சலிப்பு. ஒரே வட்டத்தைத் தினமும் சுற்றினால் பெரிய பிள்ளைகளுக்கு அலுத்துத்தான் போகும். இங்கே ஆசிரியரும் கூட ஓடினால் பிள்ளைகள் ஒட்டிக்கொள்கிறார்கள், ஜன்னலருகே நோட்டுத் திருத்திக்கொண்டு நின்றால் தளர்ந்துபோகிறார்கள்.

80-க்கும் மேற்பட்ட நாடுகள் என்ற கணக்கையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அது பதிவு செய்த கணக்கு. பதிவு செய்த பள்ளி இந்த வாரம் செவ்வாய்க்கிழமை வெளியே போனதா என்று அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. வாரம் ஐந்து நாள் மூன்றாகி, மூன்று ஒன்றாகி, கடைசியில் விருந்தினர் வரும் நாளில் மட்டும் ஓடுகிற பள்ளியும் பட்டியலில் டெய்லி மைல் பள்ளிதான்.

நம் ஊரில் செய்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: அங்கே மழைக்குப் பயப்படுவது போல இங்கே வெயிலுக்குப் பயப்பட வேண்டும். எந்த நேரமும் போகலாம் என்ற சுதந்திரம் நமக்கு இல்லை. காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்த கையோடு போனால்தான் உண்டு. 'உடை மாற்ற வேண்டாம்' என்பதும் இங்கே அவ்வளவு சுலபமில்லை. ஊக்கு குத்திய துப்பட்டாவோடும் ரெட்டை ஜடையோடும் எட்டாம் வகுப்புப் பெண்ணை ஓடச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். துப்பட்டாவுக்குப் பதிலாக மேல்கோட்டு வந்த பள்ளிகளில் பரவாயில்லை. செருப்போடு வரும் பிள்ளை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஓடும். அப்படியானால் பாதையில் கல்லும் முள்ளும் இருக்கக்கூடாது.

இடம் இல்லையே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 40 மீட்டருக்கு 20 மீட்டர் முற்றம் இருந்தால் சுற்றளவு 120 மீட்டர். ஒரு மைலுக்குப் பதின்மூன்று சுற்றுக்குச் சற்று மேல் வரும். மூலைகளில் வேகம் குறையும், மோதிக்கொள்வார்கள். மூலைகளை வளைத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டால் சரியாகிவிடும். ஒரு நாள் வலமாக, மறுநாள் இடமாக. சுற்றை எண்ண வேண்டியதில்லை, கால் மணி ஆனதும் உள்ளே கூப்பிட்டுவிடலாம்.